வால் வண்டியின் மஞ்சள் விளக்கு

எங்கள் மோட்டார் சைக்கிள் பேரணிக்கு ஒரே ஒரு சட்டம்தான். வளைவு தாண்டியதும் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பின்னால் பார்க்க வேண்டும். நமக்கு அடுத்து வருகிறவரின் விளக்கு தெரிந்தால் மேலே போகலாம். தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நின்றுவிட வேண்டும். நாம் நின்றால் நமக்கு முன்னால் போகிறவருக்கு நம் விளக்கு தெரியாது, அவரும் நிற்பார். அவர் நின்றதால் அவருக்கு முன்னவர் நிற்பார். இப்படியே போய் முதல் வண்டியும் நின்றுவிடும். யாரோ ஒருவர் எங்கோ விழுந்தால் மொத்தப் பேரணியும் மலையில் நின்றுபோகும். அந்த ஆளை எடுக்காமல் அதற்கப்புறம் ஒரு வண்டியும் நகராது.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. முதல் வருஷம் இதற்குப் பேரணி என்ற பெயரே கிடையாது. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நாலைந்து ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து, யாருடைய பழைய வண்டி நடுவில் நிற்காமல் கொடைக்கானல் ஏறும் என்று வாய்ச்சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டை முற்றி மறுநாள் காலையில் வீம்புக்குக் கிளம்பிவிட்டார்கள். அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். வருஷம் முழுக்க மலைப் பேருந்து ஓட்டுகிற மனுஷன், விடுமுறை நாளில் அதே மலையை இன்னொரு தடவை ஏறப் போனார் என்றால் அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. மேலே போய்ச் சேர்ந்து ஆளுக்கொரு டீ சொன்ன பிறகுதான் ஒரு கிளாஸ் மிஞ்சியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரைக் காணவில்லை. திரும்பி வந்து தேடினால், பாதி மலையில் ஒரு சிறு பாலத்துக்கு அடியில், கழுத்தெலும்பு முறிந்து, கத்திக் கத்திக் குரல் கட்டிப்போய்க் கிடந்திருக்கிறார். முந்திப் போகிற அவசரத்தில் பின்னால் வந்தவன் என்ன ஆனான் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் விளக்குச் சட்டத்தைப் போட்டவர் அந்த டிரில் வாத்தியார்தான். கடைசி வண்டியாக வருவதற்குத் தானாகக் கை தூக்கியவர் என் வீட்டுக்காரர். கடைசி வண்டியை நாங்கள் வால் என்போம். பஞ்சர் ஆனவர், பாதை மாறியவர், வளைவுகள் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுப்பவர் எல்லாரையும் ஒருவர் விடாமல் கூட்டிக்கொண்டு வருவது வாலின் வேலை. கடைசிப் பயணி ஏறாமல் பேருந்தை எடுத்துப் பழக்கமில்லாத மனுஷனுக்கு அது பொருத்தமான வேலைதான். வாலுக்குப் பின்னால் மட்டும் பார்க்க ஒரு விளக்கும் கிடையாது.

இப்போது பேரணி எவ்வளவோ வளர்ந்துவிட்டது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டுக்கல், மதுரை, தேனி, கோயம்புத்தூர் என்று பல ஊர்களிலிருந்தும் வண்டிகள் வத்தலக்குண்டுக்கு வந்து சேரும். சந்தைத் தெருவே அதிரும். ஒவ்வொரு வண்டியின் முன்சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவோம். கொடைக்கானல் பெரிய சாலையில் பேருந்தும் வேனும் நெரியும் என்பதால், சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடி ஏறி, அங்கே மதியம் சாப்பிட்டு, பண்ணைக்காடு போய், ஊத்து என்ற இடத்தில் பெரிய சாலையைப் பிடிப்பது எங்கள் வழி. பழனிப் பக்கத்து ஆட்கள் ஆயக்குடிக் கொய்யாவைப் பை பையாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். நின்ற இடமெல்லாம் கொய்யாவும் மிளகாய்ப் பொடியும்தான். மேலே கொடைக்கானல் போனால் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள், ஊர்ச் சனம் மொத்தமும் வந்து தொட்டுப் பார்க்கும். ஒரே உதையில் யார் வண்டி கிளம்புகிறது என்று ஒரு போட்டி உண்டு. மெதுவாக ஓட்டுகிற பந்தயம் ஒன்றும் உண்டு. கால் ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்கிறவர்தான் அதில் ஜெயித்தவர். அதில் என் வீட்டுக்காரரை அடிக்க இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஆள் இல்லை. "இவர் கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்தார்" என்று நான் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். எல்லாரும் ஒவ்வொரு வருஷமும் சிரிப்பார்கள்.

நான் நேர் எதிர். மேல்மலையில் பூண்டு விளைவிக்கிற வீட்டில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு வத்தலக்குண்டு சந்தையில் பூண்டுக் கடை போட்டேன். மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மலைக்கும் கடைக்குமாக அலைந்ததில் வண்டி கைக்கு வந்துவிட்டது. பேரணியில் எப்போதும் முன்வரிசையில்தான் போவேன். அடுத்தவர் விடும் புகையைத் தின்றுகொண்டு போக என்னால் ஆகாது. பொறுமை என்பது எங்கள் வீட்டில் அவர் பங்காகவும், கோபம் என் பங்காகவும் பிரிக்கப்பட்டிருந்தது.

அவருக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்து, இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வண்டி ஓட்டலாம், ஆனால் உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை அவர் சட்டைப் பையோடு துவைக்கப் போட்டுக் கரைத்துவிட்டார், அதுவும் ஒரு தடவை மட்டும் இல்லை. அதனால் மாத்திரை என்னிடம்தான் இருக்கும். இந்த வருஷம் நீங்கள் வாலாக வர வேண்டாம், நடுவில் வாருங்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தேன். கிளம்புகிற அன்று காலையிலும் சந்தைத் தெருவில் நின்று சண்டை போட்டேன்.

"வேற யாராச்சும் வால் புடிக்கட்டும். உங்களுக்கு மட்டும் என்ன எழுதியா வச்சிருக்கு?"

"வேற யாரு வண்டியில மஞ்ச விளக்கு இருக்கு?" என்றார், அதுதான் பெரிய நியாயம் என்பதுபோல.

அவர் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. புது வண்டிகளுக்கெல்லாம் கண் கூசும் வெள்ளை விளக்கு, மற்ற பழைய வண்டிக்காரர்களும் அதற்கு மாறிவிட்டார்கள். அவருடைய பழைய வண்டியில் மட்டும் மஞ்சள் விளக்கு. பனியில் மஞ்சள்தான் தெரியும் என்று அவர் அதை மாற்றவே விடவில்லை. இத்தனை வருஷத்தில் அது எல்லாருக்கும் பழகிவிட்டது. ஒற்றை மஞ்சள் விளக்கு தெரிந்தால் வால் வந்துவிட்டது, குறை ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

தாண்டிக்குடியில் சாப்பிடும்போது அவர் இலையைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்தாரே தவிர பாதிக்குமேல் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, காலையில் தின்ற கொய்யா வயிற்றில் உப்பிக்கொண்டு நிற்கிறது என்றார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. குளிர் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் இன்னும் இரண்டு வார்த்தை கேட்பதற்குள் முன்வரிசை வண்டிகள் உறுமத் தொடங்கிவிட்டன.

பண்ணைக்காடு நெருங்கும் முன்பே பனி இறங்கிவிட்டது. மதியம்தான், ஆனாலும் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் ஒன்றொன்றாக மறைந்து, சாலையின் வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சியது. அந்தச் சாலை குறுகல். ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் சரிவு. எதிரே சவ்சவ் ஏற்றிய வேன் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்த வெள்ளை விளக்கு விடாமல் வந்துகொண்டிருந்தது. நான் நிற்க வேண்டிய தேவை ஒரு தடவைகூட வரவில்லை. அப்படியானால் வால் வரைக்கும் எல்லாரும் வருகிறார்கள். சட்டம் அதைத்தான் சொன்னது. ஆனாலும் என் மனசு ஒருநிலையில் இல்லை. ஜாக்கெட் பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று கையுறையோடு தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஊத்தில் டீக்கடை முன்பு வண்டியை நிறுத்திவிட்டு வந்த வழியைப் பார்த்து நின்றேன். பனிக்குள்ளிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. டீ கொடுத்தார்கள், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை. வாலுக்கு முன்னால் வருகிறவர் திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். ஆள் பருமன், என் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் என்னை மதினி என்றும் வாய் நிறையக் கூப்பிடுகிறவர். அவர் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றியபடி பின்னால் கை காட்டினார். தூரத்தில் ஒற்றை மஞ்சள் விளக்கு மெதுவாக வந்துகொண்டிருந்தது.

அப்பாடா என்று அப்போதுதான் டீயை வாயில் வைத்தேன். விளக்கு பக்கத்தில் வந்தது. வந்தது மோட்டார் சைக்கிள் இல்லை. மூட்டை ஏற்றி வந்த தாண்டிக்குடிப் பக்கத்து ஜீப். முன்விளக்குகளில் ஒன்று எரியவில்லை, மற்றது மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரர் ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜீப்புக்குப் பின்னால் போய்ப் பனிக்குள் பார்த்தார். வேறு விளக்கு இல்லை. "மதினி, நான் ஒவ்வொரு வளைவுலயும் பாத்தேன். மஞ்ச வெளிச்சம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. சாமி சத்தியமாப் பாத்தேன்" என்றார். நான் ஜீப் ஓட்டி வந்தவரின் கதவைப் பிடித்துக்கொண்டு, வழியில் தனியாக ஒரு வண்டியைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"பாத்தேன்க்கா. பண்ணைக்காட்டுக்கு இங்கிட்டு, தோட்டத்து வளைவுல ஒரு அண்ணன் அப்பத்தான் வண்டிய ஓரங்கட்டிட்டுக் கல்லுல உக்காந்தாரு. என்னண்ணேன்னு கேட்டேன். வண்டி சூடாயிருச்சு, ஆற விட்டுட்டு வாரேன்னாரு. முன்னாடி போற வண்டிகள விட்டுறாம ஒட்டுனாப்புல போ, பனியில உனக்கும் வழி தெரியும்னு எனக்கே சொல்லி அனுப்புனாரு."

இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சூடாகாத வண்டி அது. இந்தக் குளிரில் சூடாகிவிட்டதாம். போன் போட்டுக் கேட்கவும் அந்த வளைவில் சிக்னல் கிடையாது. என் கையிலிருந்த கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. "அவருக்கு நெஞ்சுவலி. மாத்திரை என்கிட்ட இருக்கு" என்று மட்டும் டிரில் வாத்தியாரைப் பார்த்துச் சொன்னேன். அவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் மைதானத்தில் கேட்ட அதே குரல். ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொல்லி ஒருவரை விரட்டினார். ஜீப்காரரைத் திரும்பச் சொன்னார். "மூடைய எறக்கிட்டுத் திருப்பியாறேன், நீங்க முன்னாடி போங்கக்கா, வெரசாப் போங்க" என்றார் ஜீப்காரர். நான் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் என் பின்னால் வந்தார்.

ஏறும்போது தெரியாத சரிவெல்லாம் இறங்கும்போது தெரிந்தது. ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. வேகமாகப் போனால் விழுவேன், விழுந்தால் மாத்திரை அவருக்குப் போய்ச் சேராது. இந்த ஒரு நினைப்புதான் என்னை அன்று மெதுவாக ஓட்டவைத்தது. ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டே போனேன். அவரைத் திட்டினேன், அந்த மஞ்சள் விளக்கைத் திட்டினேன், எவனோ ஒருவன் மாற்றாமல் விட்ட பல்பைத் திட்டினேன்.

ஒரு வளைவில் திரும்பியதும் நடுச்சாலையில் காட்டுமாடு நின்றது. ஒற்றை ஆள், பெரிய உருவம், முழங்கால் வரைக்கும் வெள்ளை. பிரேக்கைப் பிடித்து நின்றேன். எங்கள் மலையில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். ஹாரன் அடிக்கக் கூடாது, உறுமக் கூடாது, அது போகிறவரைக்கும் நிற்க வேண்டும். தனியாக நிற்கும் மாடு எப்போது பாயும் என்று சொல்ல முடியாது. பின்னால் மருந்துக்கடைக்காரர் நடுங்குவது அவர் விளக்கின் ஆட்டத்திலேயே தெரிந்தது. மாடு என்னைப் பார்த்தபடி மூச்சு விட்டது. அந்த வளைவுக்கு அப்பால் எங்கேயோ என் மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே ஒரு மாட்டுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போய்த் தொலையேன் என்று வாய்க்குள் கெஞ்சினேன். ஒரு யுகம் கழித்து அது காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கியது.

தோட்டத்து வளைவில் வண்டி நின்றது. ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு, ஓரமாக, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி நிறுத்தியிருந்தார். கல்லில் அவர் இல்லை. சாவியும் வண்டியில் இல்லை. சாவியை எடுக்கிற அளவுக்குத் தெம்பு இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடியே, சாவியை எடுத்துக்கொண்டு அந்த நிலையில் எங்கே போனார் என்ற கேள்வி வந்தது. சரிவின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வெறும் பனி.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். பனி அதை விழுங்கிக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கிழியக் கூப்பிட்டேன். கூடவே மருந்துக்கடைக்காரரும் அண்ணே அண்ணே என்று கத்தினார்.

கீழே காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "இங்கன இருக்காங்கம்மா. பயப்புடாதீங்க. இந்தப் படியால எறங்கி வாங்க."

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அந்தக் காலத்தில் திரும்பி வந்த குடும்பங்கள் சில அந்தத் தோட்டத்தில் வேலை செய்கின்றன. சாலைக்குக் கீழே அவர்கள் வீட்டு வரிசை இருந்தது. அவர்கள் அதை லயம் என்பார்கள். அந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். இருமல் சத்தம் கேட்டு மேலே வந்து பார்த்திருக்கிறார். "நெஞ்சப் புடிச்சிக்கிட்டுச் சுருண்டு குந்தியிருந்தாங்க. நானும் எங்க வீட்டு ஆளுந்தான் கைத்தாங்கலா கூட்டியாந்து லயத்துல படுக்க வச்சோம். தேத்தண்ணி குடுத்தா வாயில வைக்க மாட்டேங்கிறாங்க" என்றபடி முன்னால் இறங்கினார்.

கம்பளியைப் போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். அந்தக் குளிரிலும் நெற்றி முழுக்க வேர்வை. உதடு சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"எல்லாரும் ஊத்துக்குச் சேந்தாச்சா?"

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். என் விரல் அவர் பல்லில் இடித்தது. "பேசாதீங்க. ஒரு வார்த்தை பேசுனீங்கன்னா இங்கயே விட்டுட்டுப் போயிருவேன்" என்றேன். போக மாட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கம்பளி கொடுத்த அந்த அம்மாவுக்கும் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கும் பயந்து, "கண்ணத் தொறங்க" என்று கத்தினேன்.

ஜீப் வந்துவிட்டது. லயத்து ஆட்கள் ஒரு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கம்பளியால் கட்டி, வழுக்கும் படிகளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மருந்துக்கடைக்காரர் அத்தனை பருமனையும் தூக்கிக்கொண்டு நாற்காலியின் முன்காலைப் பிடித்து வந்தார், யார் சொல்லியும் விடவில்லை. ஜீப்பின் பின்னால் படுக்கவைத்துத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஜீப்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். "ஒத்த வெளக்குக்கு இந்தப் பனி தாங்காதுக்கா. எதுக்க லாரி வந்துச்சுன்னா முட்டுனாத்தான் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு என்னையும் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

முதல் வளைவில் ஒரு வெள்ளை விளக்கு நின்றது. எங்கள் பேரணி வண்டி. சரிவு ஓரத்தில் வண்டியை நிறுத்தி விளக்கை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒருவர் கை காட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு வேன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அடுத்த வளைவிலும் ஒரு விளக்கு. அதற்கடுத்த வளைவிலும். டிரில் வாத்தியார் ஊத்தில் நின்றுகொண்டு ஆளுக்கொரு வளைவைப் பிரித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். எதிரே வந்த எதையும் அவர்கள் விடவில்லை. ஊத்து தாண்டிப் பெரிய சாலையில் இறங்கியபோது அங்கேயும் வளைவுக்கு வளைவு நின்றார்கள். பேருந்துகள்கூட ஓரமாக நின்றன. ஜீப்காரர் அடுத்த விளக்கை மட்டும் பார்த்து ஓட்டினார். நான் மடியிலிருந்த முகத்தை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் விளக்கு உள்ளே அடிக்கும்போது அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொள்வேன். விளக்கு கடந்து போனதும் பனியிருட்டில் மூக்கருகே விரலை வைத்துக்கொள்வேன்.

நடுவில் ஒரு தடவை அவர் கண்ணைத் திறந்தார். "இவங்கெல்லாம் ஏன் இங்க நிக்கிறாங்க?" என்றார்.

"உங்களுக்காகத்தான்" என்றேன்.

அவர் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். வலி அதிகமாகிவிட்டதோ என்று பயந்து கையைப் பிடித்தேன். விரல்கள் சில்லென்று இருந்தன.

பாதி மலையில் ஆம்புலன்ஸ் ஏறி வந்து எங்களைச் சந்தித்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குக் கோர்வையாக நினைவில்லை. மூக்கில் பொருத்திய ஆக்சிஜன் குழாய், எங்கோ ஒரு கையெழுத்து, திண்டுக்கல்லில் கண்ணாடிக் கதவு சாத்திய ஓர் அறை. ஸ்டென்ட் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு அடைப்பு. அதைத் திறந்துவிட்டோம் என்று டாக்டர் வந்து சொன்னார். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெளியே நடையில் எங்கள் ஆட்கள் ஈர ஜாக்கெட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கொடைக்கானலில் அன்று பந்தயமும் இல்லை, ஒரே உதைப் போட்டியும் இல்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் சுவரைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் தலையை ஆட்டினார். "நான் ஒழுங்காப் பாத்திருந்தா" என்பதற்கு மேல் அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலையில் என்னை உள்ளே விட்டார்கள். முகத்தில் இரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. அழுவதற்குத்தான் போனேன். அவர் பேச ஆரம்பித்ததும் அழுகை எங்கேயோ போய்விட்டது.

"மருந்துக்கடைத் தம்பி மேல தப்பு இல்ல. அவர ஒண்ணும் சொல்லிறாத" என்றார் மெல்ல. "நான்தான் ஜீப்ப அவங்க பின்னால ஒட்டிப் போகச் சொன்னேன். ஒத்த விளக்கு, மஞ்ச வேற. வாலுன்னு நெனச்சுக்குவாங்க, யாரும் நிக்க மாட்டாங்கன்னு தெரியும்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் ஏமாந்துபோனது விபத்து என்று நினைத்திருந்தேன். இவர் கல்லில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, யோசித்துச் செய்திருக்கிறார்.

"ஏன்?"

"அந்தப் பனியில, அந்தக் குறுகல் ரோட்டுல, அத்தன வண்டியும் நின்னு திரும்புனா என்னாகும்? மேல இருந்து லாரி வரும், வேன் வரும். யாராச்சும் சரிவுல போயிருப்பாங்க. கொஞ்சம் உக்காந்தா வலி நின்னுரும்னு நெனச்சேன். ஒருத்தனுக்காக அத்தன பேரையும் நிறுத்தச் சொல்றியா?"

"எனக்கு இருக்கிறது அந்த ஒருத்தன்தான்யா!"

அந்த அறையில் இருந்த எல்லா நோயாளியும் கண் விழித்திருப்பார்கள். நர்ஸ் ஓடிவந்து, "அம்மா, வெளிய போங்க, சார் டென்ஷன் ஆகக் கூடாது" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே விட்டார். டென்ஷன் ஆனது யார் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது.

நடையில் மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அண்ணன் பேசுறாரா மதினி என்று கேட்டார். பேசுகிறார் என்று சொல்லி, அவரை உட்காரவைத்து, நடந்ததை அப்படியே சொன்னேன். நீங்களாக ஏமாறவில்லை தம்பி, அவர்தான் உங்களை ஏமாற்றினார், இனிமேல் சாப்பிடுங்கள் என்றேன். அவர் மனசு லேசாகும் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப, நாங்க நிப்போம்னு அண்ணன் நம்பலையா மதினி? நின்னா ஒழுங்கா நிப்போம், திரும்புனா ஒழுங்காத் திரும்புவோம்னு நம்பலையா?"

அவரிடமே போய்க் கேளுங்கள் என்றேன். பார்வை நேரம் இல்லைதான். நர்ஸிடம் மன்றாடி, கத்தமாட்டார் என்று நான் பொறுப்பேற்றுக்கொண்டு, அவரை உள்ளே அனுப்பினேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருந்துக்கடைக்காரர் கட்டிலருகே குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, அதே கேள்வியைக் கேட்டது உதட்டசைவில் தெரிந்தது. நான் அத்தனை கத்தியும் அசையாத மனுஷன், அந்தக் கேள்விக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.